முதல் வாசகத்தை விடமாட்டேன்

மேல் பிரிவு லயம்,
நமுனுகுல.
2025.09.01, திங்கள்

தம்பி றொமேஷுக்கு,

நாங்க சுகம். நீ சுகமான்னு கேக்கிற மனசு இன்னைக்கு எனக்கு இல்ல.

போன்ல பேசலாம்தான். எடுத்த உடனே "ஐயா பக்கத்துல இருக்காரு, அக்கா"ன்னு வச்சிடுற. வாட்ஸ்அப்புல போட்டா உங்க ஆபீஸ்ல நாலு பேர் கூடி நின்னு படிப்பாங்க. அதனாலதான் கடிதம். கடைக்கார ஜுனைதீன் நானா செவ்வாயும் வெள்ளியும் கடைக்குச் சாமான் எடுக்க பதுளைக்கு வாறாரு. உன் கையிலதான் குடுக்கணும்னு சொல்லி விட்டிருக்கேன். பதிலையும் அவர்கிட்டயே குடு.

நேத்து பதுளைக் கூட்டத்துல உன் அருமைநாயகம் ஐயா பேசினதை நானா கடை வாசல்ல நின்னு பிலோமினா போன்ல பார்த்தோம். "வேலை செய்ய மனமில்லாதவன் சாப்பிடவும் கூடாது. நான் சொல்லல, வேதம் சொல்லுது!" ஒரே கைதட்டல். அடுத்ததா, நமுனுகுல பக்கம் சில பொம்பளைங்க தராசைக் காரணம் காட்டி மலைக்குப் போகாம சோம்பேறித்தனம் பண்றாங்களாம். அது வேதத்துல இல்ல. அது அவரோட சொந்தச் சரக்கு.

அந்த மனுஷன் ஒரு தவணை மாகாண சபையில இருந்தாரு. இப்ப மறுபடி தேர்தல்ல நிக்கத் துடிக்கிறாரு. அவரு வேதத்தைத் திறந்து பார்த்தவரு இல்லடா. வசனத்தை எடுத்துக் குடுத்தது நீ. ஃபாதராகப் படிக்க அஞ்சு வருஷம் குருமடத்துல இருந்துட்டு வந்தவன் நீதான் அந்த ஆபீஸ்ல இருக்க, வேற யாரு?

நாங்க சோம்பேறிங்களா? என்ன நடந்துச்சுன்னு கேளு. ஒரு நாளைக்கு மூணு தடவை தேயிலைக் கொழுந்து நிறுக்கிறாங்க. ஒவ்வொரு தடவையும் ரெண்டு கிலோ கழிக்கிறாங்க. கேட்டா சாக்குப் பாரமாம், இலையில தண்ணியாம். இந்த ஆவணி மாசக் காத்துல இலை காய்ஞ்சு சருகாக் கிடக்கு, எங்க இருந்து தண்ணி வரும்? சாயந்திரம் பார்த்தா கணக்குக் குறையுது, அரைப்பேர் போட்டு அனுப்பிடுறாங்க. முழு நாள் குனிஞ்சவளுக்கு அரை நாள் சம்பளம்.

போன புதன்கிழமை நானா கடையில பிரிக்காத பத்துக் கிலோ அரிசிப் பையை வாங்கிட்டுப் போய் நான்தான் அந்தத் தராசுல வச்சேன். எட்டுன்னு காட்டுது. வாயால கழிக்கிறது போதாதுன்னு தராசும் ரெண்டு கிலோ முழுங்குது. "கணக்கப்பிள்ளையையா, அரிசியிலயும் மழை பேஞ்சிருக்கா?"ன்னு கேட்டேன். சிரிச்சுச் சிரிச்சு பொம்பளைங்களுக்கு வயித்து வலி. அன்னையில இருந்து யாரும் அந்தத் தராசுல சாக்கை வைக்கல. பறிக்கத் தயார், அந்தத் தராசுல வைக்கத்தான் தயார் இல்ல. தோட்டத்துல இருந்து எனக்கு மட்டும் கடுதாசி வந்திருக்கு. மன்னிப்பு எழுதிக் குடுக்கணுமாம், இல்லாட்டி வேலைப் பதிவுல இருந்து பேர் வெட்டுறாங்களாம்.

இதுதான் நிலவரம். நீ எனக்குச் சாப்பாடு கூடாதுன்னு வசனம் தேடிக் குடுத்திருக்க. நான் பறிச்ச கொழுந்துலதான் நீ குருமடத்துக்குப் பெட்டி கட்டின. இதைச் சொல்லிக் காட்டக் கூடாதுன்னு இத்தனை வருஷம் இருந்தேன். சொல்லிட்டேன்.

மதலேனா


பதுளை
2025.09.05

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை வாசித்தேன். உன் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் என் பக்கத்தையும் நீ கொஞ்சம் கேட்க வேண்டும்.

வசனம் எடுத்துக் கொடுப்பது என் வேலை. ஐயா எந்தக் கூட்டத்தில் பேசுகிறார், யார் வருகிறார்கள் என்று சொல்வார்கள். நான் பொருத்தமாக எழுதிக் கொடுப்பேன். அந்த வசனத்தை உழைப்பின் மேன்மை என்ற தலைப்பில்தான் கொடுத்தேன். உங்களைச் சேர்த்துப் பேசுவார் என்று எனக்குத் தெரியாது. வேதத்தில் இருப்பதைத்தானே சொன்னார்? அது பொய் இல்லையே.

குருமடத்தை விட்டு வந்த பிறகு எனக்கு யார் வேலை கொடுத்தார்கள், அக்கா? பண்டாரவளையில் மூன்று மாதம் மரக்கறிக் கடையில் கரட் கழுவினேன். அந்தக் கை வெடிப்பு இன்னும் ஆறவில்லை. ஐயாதான் கூப்பிட்டு மேசை கொடுத்தார், கதிரை கொடுத்தார்.

இப்போது நல்ல செய்தி. இருபத்தோராம் திகதி ஞாயிறு ஐயா நம் செபஸ்தியார் கோயிலுக்கு வருகிறார். ஃபாதர் முதலாம் ஞாயிறு மட்டும்தான் வருவார் என்பதால் அன்று நீங்கள் நடத்தும் வழிபாடுதான். அந்த நாளை நானே பார்த்துத் தேர்ந்தேன். அன்றைய இரண்டாம் வாசகம் ஆட்சியாளர்களுக்காகவும் அதிகாரத்தில் இருப்பவர்களுக்காகவும் மன்றாடச் சொல்கிறது. வழக்கம் போல மேடையில் நீ அதை வாசித்ததும் ஐயா ஐந்து நிமிடம் பேசுவார். பிறகு தோட்டத் துரையிடம் உனக்காக ஒரு வார்த்தை சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். பேர் வெட்ட மாட்டார்கள்.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடு. தட்டச்சு செய்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். நான்கே வரி. உன் நன்மைக்குத்தான் சொல்கிறேன்.

உன் தம்பி,
றொமேஷ்


மேல் பிரிவு லயம்
2025.09.08

தம்பிக்கு,

உன் நாலு வரித் தாளை ஜுனைதீன் நானாகிட்ட குடுத்துட்டேன். கருவாடு சுத்த நல்ல தடிப்பான தாள்னு சொன்னாரு.

எதுக்கு மன்னிப்பு? அரிசியை நிறுத்ததுக்கா? "கணக்கப்பிள்ளையின் மனம் நோகும்படி நடந்துகொண்டேன்"னு எழுதியிருக்க. அவரு மனசு நோகுது, எங்க இடுப்பு நோகல. நல்லா இருக்குடா நியாயம்.

உழைப்பின் மேன்மைன்னு தலைப்புப் போட்டுக் குடுத்தானாம்! அந்த வசனம் யாருக்கு எழுதினதுன்னு எனக்கே தெரியும்போது உனக்குத் தெரியாதா? அடுத்தவன் உழைப்புல சும்மா உக்காந்து தின்னுக்கிட்டு ஊர் வம்பு பேசித் திரிஞ்சவங்களுக்கு எழுதினது. எழுதின பவுல் கூடாரம் தைச்சுத் தின்ன மனுஷன். எங்க மலையில அந்த வசனம் யாருக்குப் பொருந்தும்னு கண்ணை மூடிக்கிட்டு யோசிச்சுப் பாரு. கூடை தூக்குறவளுக்குப் பொருந்தாது. நீ வேதத்துல இருக்கிறதைத்தான் குடுத்த, சரி. அதை யார் முகத்துக்கு நேரா நீட்டுறாங்கன்னு பார்க்க வேணாமா?

கரட் கழுவின கதையை எழுதியிருக்க. படிச்சப்ப அழுகை வந்துச்சு, மறைக்கல. அப்ப ஏன்டா வீட்டுக்கு வரல? இங்க ஒரு வாய் கஞ்சி இருந்துச்சே. ஊர் சிரிக்கும்னு பயந்த. சரி, அது இருக்கட்டும்.

இப்ப உன் நல்ல செய்திக்கு வாறேன். கடிதத்தைப் படிச்சிட்டு உடனே கோயிலுக்குப் போய் வாசக நூலைத் திறந்து பார்த்தேன். இருபத்தொண்ணாம் திகதி, பொதுக்காலம் இருபத்தஞ்சாம் ஞாயிறு. நீ சொன்ன மாதிரியே ரெண்டாம் வாசகத்துல மன்னருக்காக மன்றாடச் சொல்லுது. மன்றாடுவோம், அவங்களுக்கு நல்ல புத்தி வரணும்னு தினம் மன்றாடுறேன்.

ஆனா ராசா, ரெண்டுக்கு முன்னால ஒண்ணு இருக்கு. அதைப் பார்த்தியா நீ? ஆமோஸ். ஏழைகளை நசுக்கிறவங்களே, கேளுங்கன்னு ஆரம்பிக்குது. மரக்காலைச் சிறுசாக்கி, எடைக்கல்லைக் கனமாக்கி, கள்ளத் தராசுல ஏமாத்துறவங்களைப் பத்தி ஒரு பக்கம். தராசுடா! நான் கோயில்ல தனியா நின்னு சத்தமாச் சிரிச்சேன். விளக்குத் துடைச்சுக்கிட்டு இருந்த பிலோமினா, எனக்குப் பேய் பிடிச்சிருச்சுன்னு பயந்துட்டா.

குருமடத்துல அஞ்சு வருஷம் இருந்தவன், அரசியல்வாதிக்கு ஏத்த வாசகம் வருதான்னு தேடி, அது கிடைச்ச உடனே புத்தகத்தை மூடிட்ட. நாளை மாத்திடாத. வரச் சொல்லு. பூமாலை கட்டி வைக்கிறேன்.

மதலேனா


பதுளை
2025.09.12

அக்கா,

பார்க்கவில்லை. உண்மையாகவே பார்க்கவில்லை. என் தலையில் நானே மண் போட்டுக்கொண்டேன். நாளை மாற்றவும் முடியாது. நோட்டீஸ் அடித்தாகிவிட்டது, ஃபேஸ்புக்கில் நேரடி ஒளிபரப்பு என்றும் போட்டாகிவிட்டது.

இராயப்பன் அண்ணனோடு பேசினேன். கோயில் சபைத் தலைவர் அவர்தான், அவர் சொன்னால் சொன்னதுதான். ஃபாதர் இல்லாத வழிபாடு என்பதால் முதல் வாசகத்தை விட்டுவிடலாம் என்று சம்மதித்தார். அன்று நீ வாசிக்க வேண்டாம் என்றும் முடிவு. ஐயாவே மேடையில் நின்று இரண்டாம் வாசகத்தை வாசிப்பார். அவருக்கும் அது பிடித்திருக்கிறது.

அண்ணன் கங்காணி வேலையில் இருக்கிறவர். அவரைத் திட்டாதே, அவருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். நீ அன்று பின்னால் பாயில் உட்கார்ந்து இரு. பத்து நிமிடம் பல்லைக் கடித்துக்கொள். உன் பேரைக் காப்பாற்ற எனக்கு இருக்கிற ஒரே வழி இது. நீ வேலை இழந்தால் தோட்டம் கொடுத்த அந்த லயத்து அறையும் போகும். அப்புறம் எங்கே போவாய்? என் அறையில் ஒரு கட்டில் போடத்தான் இடம் இருக்கிறது.

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

றொமேஷ்


மேல் பிரிவு லயம்
2025.09.15

றொமேஷ்,

நேத்து வழிபாடு முடிஞ்சதும் இராயப்பன் அண்ணன் என்கிட்ட சொன்னாரு. என் முகத்தைப் பார்க்கல. தரையைப் பார்த்துக்கிட்டே சொன்னாரு. நான் திட்டல. "சரிங்கண்ணே"ன்னேன்.

சபை சொன்னா நான் மேடையில ஏற மாட்டேன். பதினாலு வருஷமா வாசிக்கிற இடம் அது, அப்பன் வீட்டுச் சொத்து இல்ல. வலிக்குது. அதையும் எழுதி வைக்கிறேன். ஒன்பதாம் வகுப்போட நின்ன எனக்கு நாலு பேர் முன்னால தலை நிமிந்து நிக்கக் கிடைச்ச ஒரே இடம் அதுதான்.

ஆனா முதல் வாசகத்தை விட நான் சம்மதிக்கல. நாளைக்குக் கேட்டா "மதலேனாவும் ஒத்துக்கிட்டா"ன்னு சொல்லிடாதீங்க. சனிக்கிழமை சாயந்திரம் புத்தகத்தை எடுத்து வச்சு, அந்த ஞாயித்துக்கிழமைப் பக்கத்தைத் திறந்து வைக்கிறது என் வேலை. வழக்கம் போலத் திறந்து வைப்பேன். கிழிக்க மாட்டேன், பேப்பர் ஒட்டி மறைக்க மாட்டேன். வேணும்னா வேற யாரையாவது வச்சுப் பண்ணிக்க.

லயத்து அறை போகும்னு பயம் காட்டுற. போகட்டும். பயந்து பயந்து இருந்த காலத்துல மட்டும் கூரை ஒழுகாம இருந்துச்சா?

பாயில உக்காந்து இருப்பேன். முன்னால உக்காருவேன், பின்னால இல்ல.

மதலேனா


பதுளை
2025.09.23

அக்கா,

ரெண்டு நாளா சாப்பாடு இறங்கல. நல்ல தமிழ்ல எழுதவும் கை வரல.

ஞாயித்துக்கிழமை ஆபீஸ்ல இருந்து லைவை ஓட்டினது நான்தான். இராயப்பன் அண்ணன் ஐயா காதுல "இந்தப் பக்கத்தைத் திருப்பி, ரெண்டாம் வாசகம் படிங்க ஐயா"ன்னு சொல்றது தெளிவாக் கேட்டுச்சு. அதுக்கு அவரு மைக் இருக்கிறதை மறந்துட்டு, "முதலாவது இருக்கும்போது எனக்கு ஏன் ரெண்டாவது? மேடையில நான் என்னைக்கு ரெண்டாவதாப் பேசியிருக்கேன்?"ன்னு கேட்டாரே, அதுவும் கேட்டுச்சு. நான் இங்க இருந்து "வேணாம், வேணாம்"னு கத்துறேன். கம்ப்யூட்டருக்குக் காது இருக்கா?

ஆமோசை அவரு என்ன மாதிரி வாசிச்சாரு! கூட்டத்துல பேசுற அதே குரல். "ஏழைகளை நசுக்குகின்றவர்களே"ன்னு சொல்லி உங்க பக்கம் விரலை நீட்டினாரு. உங்களைத் திட்டுற வசனம்னு நெனச்சுட்டாரு போல. கள்ளத் தராசுக்கு வந்தப்பதான் குரல் தடுமாறிச்சு. அப்பவும் நிப்பாட்டத் தெரியல. நிப்பாட்டினா தெரியாமப் படிச்சதா ஆயிடும்ல. கடைசி வரைக்கும் போனாரு. அதுக்கப்புறம் வாசகம் முடிஞ்சா சொல்ற வழக்கப்படி நீங்க எல்லாரும் சேர்ந்து சொன்ன "இறைவா உமக்கு நன்றி" இருக்கே, மைக் அதிர்ந்துச்சு. பின்னால சேலைத் தலைப்பை வாயில வச்சுக்கிட்டுச் சிரிச்சது பிலோமினா அக்காதானே?

வீடியோவை எடுக்கச் சொல்லி அஞ்சு நிமிஷத்துல போன். எடுத்துட்டேன். அதுக்குள்ள ஊரெல்லாம் போயிடுச்சு. ஹப்புத்தளையில இருந்து கூட ஆளுங்க கேக்கிறாங்க.

ஐயாவுக்குக் கோபம்னா சாதாரணக் கோபம் இல்ல. நீ வேணும்னே தப்பான பக்கத்தைத் திறந்து வச்சு அவரை அவமானப்படுத்தினதா எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கணுமாம். அதைப் பத்திரிகைக்குக் குடுப்பாராம். உன் கடிதத்தை நான் வாங்கிட்டு வரணும், இல்லாட்டி நானும் வர வேணாமாம்.

நான் கேக்கல அக்கா. கேக்கச் சொன்னாருன்னு மட்டும் சொல்றேன். அங்க என்ன நடக்குதுன்னு எழுது. பேரை வெட்டிட்டாங்களா?

றொமேஷ்


மேல் பிரிவு லயம்
2025.09.25

என் தம்பிக்கு,

முதல்ல சாப்பிடு. பட்டினி கிடந்தா புத்தி வேலை செய்யாது, அது உனக்குச் சின்ன வயசுல இருந்தே தெரிஞ்ச விஷயம்.

பேரை வெட்டிட்டாங்க. செவ்வாய்க்கிழமை காலையில பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டுல என் பேரைக் கூப்பிடல. சும்மா நின்னேன். எல்லார் பேரும் முடிஞ்சதும் "என் பேர் எங்க?"ன்னு கேட்டேன். கணக்கப்பிள்ளை பென்சிலைக் கடிச்சாரு. யூனியன்காரங்க பதுளை தொழில் அலுவலகத்துல வழக்குக் குடுத்துட்டாங்க. அடுத்த மாசம் ரெண்டாம் திகதி, வியாழக்கிழமை விசாரணை. பயமா இருக்கு. ராத்திரி அறையைச் சுத்திப் பார்த்தா, இந்தச் சாமான் எல்லாத்தையும் எங்க தூக்கிட்டுப் போறதுன்னு நெனப்பு வருது. ஆனா கையெழுத்துப் போட வைக்கிற அளவுக்குப் பயம் இல்ல.

லைவுல தெரியாததைச் சொல்றேன் கேளு. போன வாரம் தராசை மாத்தினதால திரும்ப நிறுக்க விட்டோம், கழிவு மட்டும் நிக்கல. திங்கட்கிழமை நிறுக்கிற இடத்துல கணக்கப்பிள்ளை முத்தம்மா சாக்கை எடுத்து வச்சுட்டு, "ரெண்டு கழிவு"ன்னாரு. முத்தம்மா மாரியம்மனுக்குப் பால்குடம் எடுக்கிறவ, நம்ம கோயில் பக்கமே வந்ததில்ல. அவ வாயைத் திறந்து, "இறைவா உமக்கு நன்றி"ன்னா பாரு! அடுத்தடுத்து எல்லாப் பொம்பளைங்களும் அதையே சொல்றாங்க. யாரும் சாக்கை விட்டு நகரல. அரை மணி நேரம் லொறி நின்னுச்சு. கடைசியில ஒரு கிலோன்னு இறங்கி வந்தாங்க. ஒரு கிலோவும் களவுதான்னு சொல்லிட்டோம். நேத்து கழிவு போடல. நாளைக்குப் போடுவாங்களோ என்னமோ. என் பேர் இல்லாட்டியும் மூணு நேரமும் தராசுக்குப் பக்கத்துல போய் நிக்கிறேன். பார்க்கிறதுக்குச் சம்பளம் வேணாம்.

இராயப்பன் அண்ணன் நேத்து வந்து வாசக நூலை என் கையில குடுத்துட்டுப் போனாரு.

உங்க ஐயாவுக்குக் கடிதம் வேணுமாமே. எழுதியாச்சு. இதோட வச்சிருக்கேன். குடுக்கிறதும் குடுக்காததும் உன் இஷ்டம். குடுக்கலன்னா நான் கோவிக்க மாட்டேன்னு எழுத நெனச்சேன். பொய் எழுதக் கூடாது. கோவிப்பேன்.

உன் அக்கா,
மதலேனா

கனம் அருமைநாயகம் ஐயா அவர்களுக்கு,

செப்டம்பர் மாதம் 21ஆம் திகதி எங்கள் கோயிலில் முதல் வாசகத்தை வாசித்தது நீங்கள். வாசிக்கும்படி எங்களில் ஒருவரும் உங்களைக் கேட்கவில்லை. பக்கத்தை ஒருவரும் மாற்றவில்லை. அன்றைக்கு எல்லாக் கத்தோலிக்கக் கோயிலிலும் அதே வாசகம்தான். நீங்கள் நன்றாக, சத்தமாக வாசித்தீர்கள். எங்கள் எல்லாருக்கும் விளங்கியது. எங்களைச் சோம்பேறிகள் என்று சொல்ல வேதத்தை எடுத்தீர்கள். எடுத்தால் முழுவதையும் எடுக்க வேண்டும். உங்களுக்கு விளங்காவிட்டால் இன்னொரு ஞாயிறு வாருங்கள். உட்கார்ந்து கேளுங்கள், நான் வாசிக்கிறேன்.

இப்படிக்கு, மேல் பிரிவில் கொழுந்து பறிக்கும் முப்பத்தெட்டுப் பேர். பேரும் கையெழுத்தும் பின்பக்கம்.


பதுளை
2025.09.30

அக்கா,

வெள்ளிக்கிழமை நானா கையில இருந்து வாங்கி, சட்டைப் பையில வச்சுக்கிட்டு சனி, ஞாயிறு முழுக்கப் படுத்திருந்தேன். நேத்து காலையில குடுத்தேன்.

மன்னிப்புக் கடிதம்னு நெனச்சுட்டாரு. முகமெல்லாம் சிரிப்பு. பத்திரிகைக்காரர் ஒருத்தர் ஏற்கெனவே வந்து உக்காந்திருந்தாரு. ஆபீஸ் ஆளுங்க அஞ்சாறு பேரையும் உள்ள கூப்பிட்டு, "வாசிடா, எல்லாருக்கும் கேக்கட்டும்"னாரு.

எழுந்து நின்னு வாசிச்சேன். ரெண்டாவது வரியிலேயே "போதும்"னாரு. நான் நிப்பாட்டல. முடிச்சதும் மேசையைத் தட்டி "வெளிய போடா"ன்னாரு. "பின்பக்கம் இன்னும் இருக்கு ஐயா"ன்னு சொல்லித் தாளைத் திருப்பினேன். முப்பத்தெட்டுப் பேரோட பேரையும் ஒண்ணு விடாம வாசிச்சேன். பத்திரிகைக்காரர் எழுதிக்கிட்டே இருந்தாரு.

வியாழக்கிழமை காலையில எட்டரைக்குத் தொழில் அலுவலகத்து வாசல்ல நிப்பேன். பஸ்ஸை விட்டு இறங்கினதும் என்னைத் தேடு.

றொமேஷ்